4 ஓம் ஸ்பீக்கருக்கு எந்த வால்வு ஆம்ப்?

மேக்னபான் 1.7 மாதிரி ஒரு 4 ஓம் ஸ்பீக்கரை (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடையான இம்பீடன்ஸின் அளவு) வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப் மேல் ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். ஸ்பீக்கரின் விவரத்தாளில் ஒலி அளவு 86 டெசிபல் என்றுதான் இருக்கும், ஆனால் அது 2.83 வோல்ட்டுக்கு. அந்த வோல்ட் 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆக, ஒரு வாட்டுக்குக் கிடைப்பது 83தான்.

300பி என்ற ஒரே வால்வில் ஓடும் ஆம்ப் 8 வாட் தரும். ஒரு மீட்டரில் 92 டெசிபல், அதற்கு மேல் மூச்சு வாங்கும். ராத்திரி மெதுவாக வீணை கேட்கப் போதும், தவில் தனி தாங்காது. ஃபீட்பேக் (வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி ஊட்டிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாததால், பின்னால் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகளில் 8 ஓம் முனையில் அதன் உள்தடை 2 ஓம் அளவுக்கு இருக்கும். பெட்டி ஸ்பீக்கர் ஒன்றின் இம்பீடன்ஸ் 3 ஓமுக்கும் 20 ஓமுக்கும் நடுவே ஏறி இறங்கினால் ஒலியும் கூடவே மூன்றரை டெசிபல் ஏறி இறங்கும், இதைத்தான் சிலர் வால்வின் இனிமை என்று கொண்டாடுகிறார்கள். 4 ஓம் முனையில் மாட்டினால் அது 2 டெசிபலாகக் குறையும்.

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஓடிஎல் வகை ஆம்ப் 16 ஓமில் அருமை. 4 ஓம் கேட்கும் கரண்டுக்கு 6ஏஎஸ்7 வால்வுகளை வரிசையாக நிறுத்த வேண்டும், அறையே அடுப்படி ஆகிவிடும். எனக்கு வேண்டாம்.

என் ஓட்டு, இரண்டு வால்வுகள் மாறி மாறி வேலை செய்யும், ஃபீட்பேக் உள்ள புஷ்-புல் ஆம்புக்கு. ஈஎல்34 வால்வு ஜோடியில் 40 வாட் வந்தால் 99 டெசிபல். ஆனால் முனையில் ஏமாறக் கூடாது. நான் பழைய ஆம்ப் ஒன்று வாங்கியபோது பின்னால் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது, குத்துமதிப்பாக 8 ஓம் முனையில் மாட்டிவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 6600 ஓம் சுமையைப் பார்க்க வேண்டிய வால்வுகள் 3300 ஓமைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் திணறின. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி எடுக்கும்போதெல்லாம் கொழகொழவென்று ஒரு வால் நீண்டது. ஆம்பை அணைத்து, ஒயரைப் பக்கத்து 4 ஓம் திருகுக்கு மாற்றினேன், வால் போய்விட்டது. (ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஓட்டிவிடாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் காலி.)

காசு இருந்தால் கேடி88 வால்வு போட்ட மெக்கின்டாஷ் எம்சி275. 1961இல் வந்த வடிவமைப்பு, 4, 8, 16 எந்த முனையிலும் 75 வாட். அபோஜி சின்டில்லா போன்ற 1 ஓம் அரக்கனை வைத்திருப்பவர்கள் மட்டும் வால்வை, ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்புக்கு முன்னால் வரும் ப்ரீ-ஆம்போடு நிறுத்திக்கொள்ளலாம்.