ரைபோஸா, டீஆக்சிரைபோஸா? வேலூர் வெயிலில் என் ஓட்டு

முதுகலை புராஜெக்டுக்கு டி.என்.ஏ.வை எடுப்பதா, ஆர்.என்.ஏ.வில் இறங்குவதா? இலவம்பாடி முள்ளுக் கத்திரியை வைத்து என் மாணவர்களுக்கு வேலை திட்டமிட்டபோது நானும் இதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கத்திரி அது. நம் அணைக்கட்டுப் பக்கத்துப் பயிர். டி.என்.ஏ.தான் என்று முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுக்க வைத்தது அதன் சர்க்கரை.

யுராசில், தைமின், ஒற்றை இழை, இரட்டை இழை எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்தாயிற்று. சர்க்கரைக்கு வருவோம். ஆர்.என்.ஏ. இழையில் இருக்கும் சர்க்கரை ரைபோஸ், டி.என்.ஏ.வில் இருப்பது டீஆக்சிரைபோஸ். இரண்டிலும் கார்பன் அணு 5. ரைபோஸில் ஆக்சிஜன் 5, டீஆக்சிரைபோஸில் 4. உயிர்வேதியியலாளர் ஃபீபஸ் லெவீன் 1909இல் ரைபோஸையும் 1929இல் டீஆக்சிரைபோஸையும் அடையாளம் கண்டார். ஒரே ஒரு ஆக்சிஜன்தான் வித்தியாசம். ஆனால் பராமரிப்புச் செலவு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ரைபோஸின் 2ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. இழையைக் கோக்கும் பாஸ்பேட் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கரைசல் காரமானால் அந்த ஹைட்ராக்சில் பாஸ்பேட்டைத் தாக்கும், இழை அங்கேயே அறுந்துவிடும். ஆர்.என்.ஏ. தன்னை அறுக்கும் கத்தியைத் தானே மடியில் கட்டிக்கொண்டு திரிகிறது. டீஆக்சிரைபோஸில் அந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன். அதனால் காரத்தில் டி.என்.ஏ.வின் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியுமே தவிர, எளிதில் அறுபடாது.

நம் தோலிலும் வியர்வையிலும் இருக்கும் ரைபோநியூக்ளியேஸ் நொதிகளும் இதே ஹைட்ராக்சிலைப் பிடித்துத்தான் ஆர்.என்.ஏ.வை வெட்டுகின்றன. இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்ட ரைபோநியூக்ளியேஸ் ஏ, கொதிக்க வைத்து ஆறவிட்டால்கூட மறுபடி மடிந்து வேலையைத் தொடங்கிவிடும். டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளோ பெரும்பாலும் மெக்னீசியம் இல்லாமல் இயங்காது, மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் சேர்த்தால் அடங்கிவிடும்.

இதை வேலூரில் வைத்துப் பாருங்கள். மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆர்.என்.ஏ.வுக்கு மைனஸ் 80 டிகிரி ஃபிரீசர் வேண்டும், அதைத் தாங்க ஜெனரேட்டர் வேண்டும். இலையைப் பறித்ததுமே திரவ நைட்ரஜனில் போட்டாக வேண்டும். கிளவுஸை அடிக்கடி மாற்ற வேண்டும், நொதி இல்லாத தண்ணீர் தனியாக வேண்டும். டி.என்.ஏ. என்றால் இலையைச் சிலிக்கா ஜெல் போட்ட கவரில் வைத்து பஸ்ஸிலேயே கொண்டுவரலாம். பிரித்தெடுத்ததைச் சாதாரண மைனஸ் 20 ஃபிரீசரில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அடுத்த பேட்ச் மாணவர்களும் அதே டியூபை எடுத்து வேலை செய்யலாம். சின்னக் கல்லூரி லேபுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ரைபோஸைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் செல்கள் டீஆக்சிரைபோஸைத் தனியாகச் செய்வதில்லை. ரைபோஸ் உள்ள நியூக்ளியோட்டைடிலிருந்து (இழையைக் கட்டும் அலகு) ஆக்சிஜனை நீக்கித்தான் செய்துகொள்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யிலும் ரைபோஸ்தான். தண்ணீர் இல்லாமல் வாடும் செடியில் எந்த மரபணு விழித்தது என்று பார்க்க ஆர்.என்.ஏ.தான் வழி, டி.என்.ஏ. அதைச் சொல்லாது. இந்த ரகமும் அந்த ரகமும் ஒன்றா வேறா என்பதுதான் கேள்வி என்றால் டி.என்.ஏ. போதும்.

ஆர்.என்.ஏ.வில் என் கைப்பழக்கம் இலையோடு சரி. பழத்திலும் வேரிலும் செய்தவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: ஆர்.என்.ஏ.வைப் பிரித்த அன்றே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியைப் போட்டு சி.டி.என்.ஏ.வாக, அதாவது அதன் டி.என்.ஏ. நகலாக மாற்றிவிடுங்கள். அந்த நகலின் முதுகெலும்பில் இருப்பது டீஆக்சிரைபோஸ் என்பதால் மைனஸ் 20இலேயே நிம்மதியாக வைக்கலாம்.