அப்சிடியன் என்ற நோட்ஸ் ஆப்பில் நான்கு வருடம்: மண்ணடி கிளியரிங் ஆபீஸிலிருந்து

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு எந்த டாரிஃப் எண் பொருந்தும் என்று பார்த்து, பில் ஆஃப் என்ட்ரிக்கு (இறக்குமதிக்காகக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவம்) வேண்டியதைத் தயார் செய்வது என் பொறுப்பு. எண் தப்பினால் டூட்டி மாறும், கஸ்டம்ஸிலிருந்து கேள்வி வரும், கன்டெய்னர் நிற்கும், பார்ட்டிக்கு, அதாவது சரக்கை இறக்குமதி செய்பவருக்கு, டெமரேஜ் (தேக்கக் கட்டணம்) ஏறும்.

எங்கள் ஆபீஸில் இந்த விவரமெல்லாம் ஒரே ஒருவர் தலையில் இருந்தது. ராயபுரத்துக்காரர், கஸ்டம் ஹவுஸ் படி ஏறத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆனவர். “அண்ணே, போன வருஷம் இதே ஐட்டத்துக்கு ஏன் 9405 போட்டோம்?” என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் காரணத்தோடு சொல்வார். 2021 கடைசியில் அவர் வேலையை விட்டு நின்றார். அடுத்த வாரமே ஒரு சந்தேகம் வந்து பழைய ஃபைல்களைப் பிரித்தேன். எல்லா ஃபைலிலும் எண் இருந்தது. ஏன் அந்த எண் என்பது ஒன்றில்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து 2022 ஜனவரி 1 முதல் உலகச் சுங்க அமைப்பின் ஹெச்.எஸ். என்ற சரக்கு வகைப்பாட்டு எண் பட்டியலின் புதிய பதிப்பும் அமலுக்கு வந்தது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, நாம் எட்டு இலக்கம் போடுகிறோம். அந்த ஆறிலேயே நிறைய மாறிவிட்டது. மனப்பாடமாக இருந்ததை நம்ப முடியாத நிலை. அப்போதுதான் அப்சிடியனில் எழுத ஆரம்பித்தேன்.

அதற்கு முன் இரண்டு வருடம் வேறொரு ஆன்லைன் ஆப்பில் எழுதி வந்தேன். ஒரு நாள் இலவசக் கணக்கின் வரம்பைக் குறைத்தார்கள். குறிப்புகளை வெளியே எடுத்தபோது டேபிள் எல்லாம் உடைந்து, படங்கள் காணாமல் போய் வந்தன. அந்த வலியில்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். அப்சிடியனில் ஒவ்வொரு குறிப்பும் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் (மார்க்டவுன்). நாளைக்கு இந்த ஆப்பே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். பணமும் கட்டவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து ஆபீஸ் வேலைக்குக்கூட லைசென்ஸ் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முதல் மூன்று மாதம் வீணானது என்றே சொல்ல வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், கலர் கலராக டேக், வாரத்துக்கொரு பிளக்இன் (ஆப்பில் சேர்க்கும் கூடுதல் வசதி). நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் சுமார் 90,000 சீட்டுகள் எழுதி, ஒன்றோடொன்று எண் போட்டு இணைத்து வைத்திருந்தார் என்று படித்துவிட்டு, அதேபோல எண் முறையும் வைத்துப் பார்த்தேன். கடைசியில் நிலைத்தது இரண்டே பழக்கம்: ஒரு குறிப்பில் ஒரு விஷயம், அதுவும் என் சொந்த வார்த்தையில். அறிவிப்பை அப்படியே காப்பி செய்து ஒட்டிய குறிப்புகளை நான் திரும்பத் திறந்ததே இல்லை.

நான் அதிகம் திறக்கும் ஒரு குறிப்பு இது:

“எல்இடி: 8539ஆ, 9405ஆ? ஹோல்டரில் மாட்டும் கேப் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் லாம்ப், 8539 52. கேப் இல்லாத மாட்யூல் என்றால் 8539 51. ஃபிரேம், மூடி, சுவரில் பொருத்தும் கிளாம்ப் எல்லாம் சேர்ந்து முழு விளக்காக வந்தால் 9405. கேட்லாக் படத்தை நம்பாதே, சாம்பிள் கேள். ஆதாரம்: 85ஆம் அத்தியாயம், குறிப்பு 11. 2021 வரை எல்இடி லாம்புக்கு 8539 50.”

இவ்வளவுதான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி இதே கேள்வியோடு வந்தான். தேடி எடுத்துக் காட்ட அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவன் படித்துவிட்டு, “அப்போ இந்த பார்ட்டி அனுப்பின போட்டோவுல கேப்பே தெரியலயே அக்கா” என்றான். சாம்பிள் கேட்டு வாங்கினோம். அந்தக் கேள்வியை அவனே கேட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதும்போது எனக்குப் புரியாதது எது என்று உடனே தெரிந்துவிடுகிறது. தேடுவதில் மட்டும் ஒரு சிக்கல்: ஒரு நாள் ‘வால்வ்’, ஒரு நாள் ‘வால்வு’ என்று எழுதினால் பாதி குறிப்பு சிக்காது. அதனால் குறிப்பின் மேலேயே மாற்றுப் பெயர்களைச் சேர்த்துவிடுகிறேன். அதற்கு ‘ஏலியஸ்’ என்ற வசதி இருக்கிறது.

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் மண்ணடி வரை கிடைக்கும் நேரத்தில், முந்தைய நாள் போனில் கிறுக்கியதைச் சரி செய்வேன். சுரங்கத்துக்குள் சிக்னல் போனாலும் குறிப்பு கையிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு முறை சூடுபட்டேன். போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு இலவச சிங்க் ஆப்பை வைத்திருந்தேன். ஒரே குறிப்பை இரண்டிலும் திறந்து வைத்ததில் ஒரு நாள் எழுத்து போய்விட்டது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மொத்த ஃபோல்டரையும் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுக்கிறேன். இன்னொன்று, பார்ட்டி பெயர், இன்வாய்ஸ், விலை எதையும் இதில் ஏற்றுவதில்லை. அவை ஆபீஸ் சர்வரோடு சரி. இங்கே இருப்பது காரணம் மட்டும்.

வேலையை விட்டு நின்ற ராயபுரத்து அண்ணனிடம் அவருடைய லாங் சைஸ் நோட்டுகளைக் கேட்டிருந்தேன். போன ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லி ஏழு நோட்டு கொடுத்தார். “எழுத்து புரியலன்னா போன் பண்ணும்மா” என்றார். முதல் நோட்டில் பன்னிரண்டு பக்கம் முடித்திருக்கிறேன். ஆறு இடத்தில் புரியவில்லை, இன்று சாயந்திரம் கூப்பிட வேண்டும்.