காது கேட்காத ராஜபாளையம் குட்டியைத் தலையில் கட்டுகிறார்கள், கவனம்!

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்க நினைப்பவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் ஏமாந்த கதை இது. "சுத்த ரத்தம், நீலக் கண், பிள்ளைகளோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும்" என்று ஆன்லைனில் வந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதக் குட்டி என்று சொல்லி அனுப்பியது, கடைவாய்ப் பால்பல்கூட முழுதாக முளைக்காத குட்டி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "புது இடம், பழகினால் சரியாகிவிடும்" என்றார் விற்றவர். சில மாதம் கழித்து, தூங்கிக்கொண்டிருந்த நாயைச் சின்னப் பையன் பின்னாலிருந்து தொட, அது பதறி எழுந்து கையைக் கடித்துவிட்டது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோன பிறகுதான் இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்று தெரிந்தது. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.

நாயின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. காது கேட்காத எந்த நாயும் தூக்கத்தில் தொட்டால் பதறும். அதை மறைத்துக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு விற்றதுதான் குற்றம்.

ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உடல் முழுக்க வெள்ளையாக இருக்கச் செய்யும் அதே நிறமிக் குறைவு உட்செவியையும் பாதிக்கிறது. அங்கே நிறமி அணுக்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் உயிரணுக்கள் செத்துவிடும். மருந்தும் கிடையாது, அறுவை சிகிச்சையும் கிடையாது. நீலக் கண்ணும் இதே நிறமிக் குறைவால் வருவதுதான். வெள்ளை நாயில் நீலக் கண் என்றால் காதைக் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். அதற்கே தனி விலை கேட்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சோதிக்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். குட்டியை மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்றவை திரும்பும்போது செவிட்டுக் குட்டியும் சேர்ந்து திரும்பும், உங்களுக்குத் தெரியாது. அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் ஆறேழு அடி தள்ளி நின்று விசில் அடியுங்கள், சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பக்கத்தில் நின்று கை தட்டக் கூடாது, காற்று மேலே படும். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வைக் கால் உணர்ந்துவிடும். சுவரில் உங்கள் நிழல் விழாமலும் பாருங்கள். தூங்கும்போது ஒருமுறை, விழித்திருக்கும்போது இரண்டு மூன்று முறை வெவ்வேறு சத்தத்தில் செய்யுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்த முறையில் பிடிப்பது கஷ்டம். அதற்கு BAER எனும், சத்தத்துக்குக் காதும் மூளையும் காட்டும் மின் அலைகளை அளக்கும் பரிசோதனை வேண்டும், அது எல்லா ஊரிலும் கிடைக்காது. குட்டியின் தாயையும் தகப்பனையும் கூப்பிட்டால் திரும்புகின்றனவா என்று நேரில் பார்ப்பது அதனால்தான் முக்கியம். பெற்றோரைக் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்று, டால்மேஷன் கிராஸை (கலப்புக் குட்டியை) ராஜபாளையம் என்று விற்பது. டால்மேஷன் குட்டிகள் வெள்ளையாகவே பிறக்கும், புள்ளி பிறகுதான் தெளிவாகத் தெரிய வரும். வயிறு, காது ஓரத்தில் முடியை நனைத்துப் பாருங்கள், தோலில் கரும்புள்ளிகள் இருந்தால் தெரியும். ராஜபாளையத்தின் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். சிப்பிப்பாறை, கன்னி எனும் நாட்டு வேட்டைநாய் இனங்கள் என்று சொல்லி கிரேஹவுண்ட் கிராஸை விற்பதும் நடக்கிறது. ஒரு மாதக் குட்டியில் இதைக் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே சிரமம், அங்கேயும் பெற்றோரைப் பார்ப்பதுதான் வழி.

"பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும்" என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜபாளையம் வீட்டு ஆட்களிடம் உயிராக இருக்கும். ஆனால் டியூஷனுக்கும் விளையாடவும் வந்துபோகும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அப்படி ஏற்றுக்கொள்ளாது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம், கொம்பை எனும் நாட்டு நாய் இனமும் அப்படியே. சிப்பிப்பாறையும் கன்னியும் வீட்டுக்குள் சாதுதான். முயல் துரத்த வளர்த்தவை என்பதால் பூனையோ கோழியோ ஓடினால் உங்கள் குரல் காதில் ஏறாது, ரோட்டையும் பார்க்காது. தினமும் ஒரு மணி நேரமாவது வேலி போட்ட இடத்தில் ஓடவிட முடியாதவர்கள், பிளாட்டில் இருப்பவர்கள், இந்த இனங்களைத் தவிர்ப்பதே நல்லது. தலையைவிடக் கழுத்து தடிப்பாக இருப்பதால் சாதாரண காலர் உருவிக்கொள்ளும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்கள். கருத்தடை செய்யும்போது இது ஒல்லி இனம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், சில மயக்க மருந்துகள் இவற்றுக்கு ஆகாது.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடுக்கின்றன. இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள். எட்டு வாரத்தில் 28 பால்பல்லும் முளைத்திருக்கும், வாயைத் திறந்து எண்ணுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், மருத்துவரின் கையெழுத்து, பதிவெண் நான்கும் வேண்டும்; வெறும் தேதி எழுதிய அட்டையை நம்பாதீர்கள். கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பதிவுப் பேப்பர் கொடுத்தால், குட்டியின் மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்து எண்ணை ஒத்துப்பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய வாட்ஸ்அப், பணம் அனுப்பிய ரசீது, மருத்துவர் எழுதிய சான்று எதையும் அழிக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு குட்டியே அனுப்பவில்லை என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். குறையுள்ள குட்டி என்றால் 1915 நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. செவிட்டுக் குட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தெருவில் விட்டுவிடாதீர்கள். கை சைகையில் நன்றாகவே பழகும். எழுப்பும்போது முதலில் அது படுத்திருக்கும் பாயை மெதுவாகத் தட்டுங்கள், சின்னப் பிள்ளைகளோடு தனியே விடாதீர்கள்.