கருவி வாசிப்பதா, பாட்டு எழுதுவதா? இசை சிகிச்சையில் எது யாருக்கு

மனசில் இருப்பதை வெளியே கொண்டுவர இரண்டு வழி: அந்த நேரத்தில் தோன்றியதைக் கருவியில் வாசிப்பது, அல்லது சொந்தமாகப் பாட்டு எழுதுவது.

பேச்சு
வாசிப்பு: ஒரு வார்த்தைகூட வேண்டாம். இசை சிகிச்சை முன்னோடிகளான நார்டாஃபும் ராபின்ஸும் 1959-இல் மாற்றுத்திறன் குழந்தைகளோடு தொடங்கியது இப்படித்தான்.
பாட்டு: ஓரளவு பேச்சோ எழுத்தோ வேண்டும்.

கருவி
வாசிப்பு: கட்டை கழற்றக்கூடிய சைலஃபோன். மத்தியமம் (ம), நிஷாதம் (நி) இரண்டின் கட்டைகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்கள். எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது.
பாட்டு: தாள், பேனா, ஒரு கீபோர்டு.

எங்கே சொதப்பும்
வாசிப்பு: சிகிச்சையாளர் முந்திக்கொண்டால் வந்தவர் கை நின்றுவிடும். முதலில் அவர் தாளத்தையே அதே வேகத்தில், சற்றுக் குறைந்த சத்தத்தில் திருப்பி வாசியுங்கள்.
பாட்டு: வெள்ளைத் தாளைப் பார்த்ததும் மிரள்வார்கள். தெரிந்த மெட்டில் "இன்னைக்கு எனக்கு ____, ஆனா ____" என்று இடம் விட்டுக் கொடுங்கள். எதுகைக்காக அவர் சொல்லை மாற்றாதீர்கள். "எரிச்சல்" என்றால் எரிச்சல்தான். அதை "வருத்தம்" ஆக்கினால் பாட்டு உங்களுடையதாகிவிடும்.

பேச்சு வராத குழந்தை, பக்கவாதத்துக்குப் பின் சொல் தடுமாறுபவர் என்றால் வாசிப்பு. வீட்டில் சொல்ல முடியாததைச் சுமக்கும் பதின்வயதினருக்குப் பாட்டு. பதிவு செய்து கையில் கொடுக்கலாம், யாருக்குப் போட்டுக் காட்டுவது என்பது அவர்கள் முடிவு.