ஒரே நாளா, மாதம் ஓர் அலமாரியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுச் சாமான்களைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. போகியன்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வெளியேற்றலாம். மாதம் ஓர் அலமாரியாகப் பிரித்தும் பார்க்கலாம்.

முதல் வழியில் வேகம் இருக்கிறது. பொங்கலுக்குள் வீடு காலியாகிவிடும். (கொளுத்திவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது.) பழைய இரும்பு வாங்குபவரின் லாரி வாசலில் நின்றதும் கை கண்மண் தெரியாமல் அள்ளிப் போடும். அம்மா ரப்பர் மரம் சீவிய பால்மரக் கத்தி அப்படித்தான் போனது. 30 ஆண்டுகள் அவர் உள்ளங்கை பட்டு வழவழத்த மரப்பிடி. இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

மாத வழி பொறுமை கேட்கும். ஆனாலும் நான் அதையே சொல்வேன். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் கூடவே வந்தவற்றில் கதை உள்ளவை சில, வெறும் பாரம் பல. இரண்டையும் பிரித்தறிய நேரம் வேண்டும். சென்ற மாதம் எவர்சில்வர் தூக்குகளைத் தரையில் பரப்பினோம்: 18. பாட்டியின் பெயர் பொறித்த ஒன்றை மட்டும் அம்மா மடியில் வைத்துக்கொண்டார். மற்றவை கோயில் அன்னதானக் கூடத்துக்குப் போயின. அடுத்து புடவைப் பெட்டி.