வேரும் பாறையும் நிறைந்த காட்டுப் பாதைக்கு ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

சிங்கப்பூரிலேயே உயரமான இடம் புக்கிட் தீமா. அதுவே 164 மீட்டர்தான். ஆல்ப்ஸ் மலையில் அரைமணி நேரம் விடாமல் இறங்குகிறவர்களுக்குச் சொல்லப்படும் யோசனையைக் கேட்டு இங்கே சைக்கிள் வாங்கினால், தேவையில்லாத இடத்தில் பணம் போய்விடும். செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் 8.2 கி.மீ. சைக்கிள் பாதை, புக்கிட் தீமா காட்டை ஒட்டி ஓடும் பாதை, புலாவ் உபின் தீவில் 2008-இல் திறந்த கெத்தாம் பூங்கா என எதை எடுத்தாலும் இறக்கம் சீக்கிரமே முடிந்துவிடும். அடுத்து ஒரு செங்குத்து ஏற்றம் நிற்கும். இங்கே ஆளைச் சோதிப்பவை வேர், பாறை, ஈரம், குறுகிய வளைவு ஆகியவைதான். அதனால் முன்ஃபோர்க்கில் மட்டும் ஷாக் (அதிர்வை வாங்கும் பாகம்) உள்ள ஹார்ட்டெயிலையும், பின்னாலும் ஷாக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷனையும் இந்தத் தரையை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஏற்றத்தில்

ஹார்ட்டெயில் எடை குறைவு, மிதித்த பலம் வீணாகாது, எனவே ஏற்றத்துக்கு அதுதான் என்று பலர் சொல்வார்கள். தார் ரோட்டிலும் இறுகிய மண்ணிலும் அது சரி. ஒரே விலையில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் ஹார்ட்டெயில் 13–14 கிலோ இருக்கும். மற்றது 15–16 கிலோ வரும். ஆனால் குறுக்கே வேர் ஓடும் ஏற்றத்தில் கணக்கு மாறுகிறது. ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் வேரில் மோதியதும் வண்டியின் பின்பக்கம் முழுவதும் எகிறும். டயர் மண்ணை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் பெடலை அழுத்தினால் சக்கரம் வெறுமனே சுற்றும், வண்டி நின்றுபோகும். பின்ஷாக் உள்ள வண்டியில் சக்கரம் மட்டும் மேலே எழுந்து, வேரைத் தாண்டியதும் உடனே தரையைப் பிடித்துக்கொள்ளும். எனவே ஃபுல் சஸ்பென்ஷன் வைத்திருப்பவர்கள் இந்த ஏற்றங்களில் ஷாக்கை அமுங்காதபடி லாக் செய்யவே கூடாது. லாக் செய்தால் கூடுதலாக இரண்டு கிலோ சுமக்கும் ஹார்ட்டெயிலைத்தான் ஓட்டுகிறீர்கள்.

ஹார்ட்டெயிலில் இதைச் சமாளிக்க வழி உண்டு. சீட்டின் மூக்கு நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்துங்கள். வேருக்கு ஒரு மிதி முன்பே வேகத்தைக் கூட்டுங்கள். முன்சக்கரம் தாண்டியதும் இடுப்பைச் சீட்டிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி, பின்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் குறையுங்கள். கியரைக் கடைசிப் பல்வரை இறக்கிவிடாதீர்கள். மிக லேசான கியரில் சிறிய அழுத்தத்துக்கே சக்கரம் சறுக்கும். ஒன்றிரண்டு பல் கடினமாக வைத்துக்கொள்வது நல்லது.

பின்ஷாக் வண்டிக்கும் இங்கே ஒரு தொல்லை உண்டு. ஷாக் அமுங்கும்போது பெடல் அச்சும் தரையை நோக்கி இறங்கும். வேர், பாறைக்கு நடுவே முழுச்சுற்று மிதித்தால் பெடல் மோதும். முன்னே தூக்கி எறியப்படவும் வாய்ப்புண்டு. முழுச்சுற்றாக இல்லாமல் பாதிச் சுற்றாக முன்னும் பின்னும் மிதிக்கப் பழகுங்கள். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, 175 மி.மீ. நீளம் இருந்தால் 165-க்கு மாற்றுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கண்கூடாகத் தெரியும்.

இறக்கத்தில்

கெத்தாமில் கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று குறித்த கடினமான கிளைகள் இருக்கின்றன. அடுக்கடுக்காகப் பாறை வரும் அந்த இடங்களில் ஃபுல் சஸ்பென்ஷனே மேல், தயக்கமில்லாமல் சொல்லலாம். பின்சக்கரம் பாறையை விழுங்கிக்கொள்வதால் கால் தளர்ச்சியாக இருக்கும், பிரேக் விரலுக்கும் கட்டுப்பாடு மிஞ்சும். சக்கரம் போகும் கோடு தவறினாலும் தப்பிக்க வாய்ப்பு அதிகம். ஹார்ட்டெயிலில் கோட்டை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தாக வேண்டும்; தவறினால் பின்பக்கம் எகிறி ஓட்டுபவரை முன்னே தள்ளும்.

ஹார்ட்டெயில் வாங்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கும் என்பது; 130 மி.மீ. ஃபோர்க் என்று சொல்வது அந்தத் தூரத்தைத்தான். முன்பக்கம் மட்டும் அமுங்கும் வண்டி என்பதால் பாரம் விழ விழ வண்டியின் மூக்கு குனியும். 130 மி.மீ. ஃபோர்க் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 26 மி.மீ. அமுங்கினாலே ஸ்டீயரிங் கோணம் ஒரு டிகிரிக்கு மேல் செங்குத்தாகிவிடும். 160 மி.மீ. ஃபோர்க் போட்டால் செங்குத்தான இறக்கத்தில் இந்த மாற்றம் இன்னும் பெரிதாகி, முன்சக்கரம் காலடிக்குள் மடங்குவது போன்ற உணர்வு வரும். ஹார்ட்டெயிலுக்கு 120 முதல் 140 வரை போதும்.

ஈர வேர் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். எந்த ஷாக்கும் அதில் பிடிமானம் தராது. வேருக்கு நேர்க்கோணத்தில் சக்கரம் ஏற வேண்டும், பிரேக்கை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், வேரின் மேல் ஹேண்டிலைத் திருப்பக் கூடாது. சாய்வாக ஓடும் வேரில் முன்பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் வேரின் நீளவாக்கில் வழுக்கிப் போகும். அதன்பின் திருத்த நேரம் கிடைக்காது.

காற்றும் டயரும்

பின்ஷாக்குக்காகக் கொடுக்கும் பணத்தின் பலனில் பெரும்பங்கை நல்ல டயரும் சரியான காற்றுமே தந்துவிடும் என்பது என் கணிப்பு. 70 கிலோ எடையுள்ளவர், 29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல டியூப்லெஸ் டயர் என்று வைத்துக்கொள்வோம். ஹார்ட்டெயிலில் முன்னால் 20–22 பிஎஸ்ஐ, பின்னால் 24–26 போட்டுத் தொடங்கலாம். ஃபுல் சஸ்பென்ஷனில் பின்னால் 23 போதும், மோதலில் ஒரு பங்கை ஷாக் வாங்கிக்கொள்வதால். டியூப் போட்ட ஹார்ட்டெயிலில் 24-க்கு இறக்கினால் பாறையில் ரிம் இடித்து, டியூப்பில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். 30 வரை ஏற்றினால் பஞ்சர் குறையும், ஆனால் டயர் வேரில் துள்ளும். ஆகவே ஹார்ட்டெயில் வாங்குகிறவர் முதல் நாளே டியூப்லெஸுக்கு மாறிவிடலாம். ஒரு டயருக்கு 100–120 மி.லி. சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். இந்த வெப்பத்தில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். டயரைக் காதருகே வைத்துக் குலுக்கி, திரவம் அலம்பும் சத்தம் இல்லையென்றால் மறுபடி ஊற்ற வேண்டும்.

பின்ஷாக்கில் காற்றைத் தவறாக வைத்திருப்பவர்கள் அநேகம். வழக்கமாகப் போடும் பை, ஷூ, தண்ணீருடன் வண்டியில் ஏறி, சுவரைப் பிடித்தபடி பெடலில் நில்லுங்கள். ஷாக்கைத் திறந்த நிலையில் வைத்து இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள். பின்பு சீட்டில் அசையாமல் உட்கார்ந்து, ஷாக் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தைக் காற்றறையின் விளிம்பைத் தொடும்வரை தள்ளுங்கள். குதிக்காமல் மெல்ல இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். 50 மி.மீ. நகரும் ஷாக் என்றால் 15 மி.மீ. அமுங்கியிருப்பது சரி. 20-ஐத் தாண்டினால் ஏற்றத்தில் பின்பக்கம் புதைந்து பெடல் பாறையில் இடிக்கும். 10-க்கும் குறைந்தால் அவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

மழை, சேறு, செலவு

இதுதான் பலருக்கு முடிவைத் தீர்மானிக்க வேண்டிய இடம். ஹார்ட்டெயிலில் கவனிக்க வேண்டியவை ஃபோர்க், சக்கரம், ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் மூட்டு), பெடல் அச்சு. மற்றதில் அவற்றோடு பின்பக்க மூட்டுகளில் எட்டுப் பத்து பேரிங்குகள் வேறு. ஈரக்காற்றும் களிமண்ணும் சேர்ந்து அவற்றைத் துருப்பிடிக்க வைக்கும். மிதிக்கும்போது கிறீச்சிட்டால் முதலில் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்கிப் பாருங்கள். சத்தம் நிற்கவில்லையென்றால் ஷாக்கைக் கழற்றி, பின்சக்கரத்தைத் தாங்கும் பின்முக்கோணத்தைக் கையால் ஏற்றி இறக்குங்கள். சொரசொரப்பாக நகர்ந்தால் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்கும் ஷாக்கின் காற்றறைக்கும் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய், சீல் கவனிப்பது வழக்கம். வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும். கழுவும்போது ஜெட் பம்பை மூட்டுகளுக்கு நேரே பிடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸை அது வெளியே தள்ளிவிடும்.

பெருமழை பெய்த கையோடு எந்த வண்டியையும் பாதையில் இறக்க வேண்டாம். நனைந்த களிமண்ணில் டயர் கீறிய தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி, பாதையையே அரித்துவிடும்.

பிரேக்கில் வித்தியாசம் இல்லை: முன்னால் 180 மி.மீ. டிஸ்க், நான்கு பிஸ்டன் இருந்தால் மகிழ்ச்சி. சேற்றில் ரெசின் பேட் வேகமாகத் தேயும். மெட்டல் பேட் கொஞ்சம் இரையும், ஆனால் நெடுநாள் வரும்.

யாருக்கு எது

செஸ்ட்நட்டிலும் புக்கிட் தீமாவிலும் வாரம் ஒருமுறை ஓட்டுபவர், சர்வீஸைத் தானே செய்ய விரும்புபவர், பட்ஜெட்டுக்கு எல்லை உள்ளவர் ஆகியோர் 130 மி.மீ. ஃபோர்க், டிராப்பர் சீட்போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கும் தண்டு), நல்ல டயர் உள்ள ஹார்ட்டெயிலை எடுக்கலாம். கெத்தாமின் இரட்டைக் கறுப்புக் கிளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவருக்கும், முதுகுவலி, முழங்கால்வலி உள்ளவருக்கும் பின்சக்கரம் 120–130 மி.மீ. எழும் பின்ஷாக் வண்டி தேவை. அதற்கு மேல் சிங்கப்பூரில் பயன்படாது. மலிவான ஃபுல் சஸ்பென்ஷனை மட்டும் யாரும் தொட வேண்டாம். அதன் ஷாக்கில் வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும். வேகத்தை அடக்கும் எண்ணெய் வால்வு கிடையாது. அமுங்கிய சக்கரம் திருப்பி உதைத்து ஆளைத் தூக்கி எறியும்.

பழைய ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குவதானால் பணம் கொடுக்குமுன் சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்புமுன் ‘டக்’கென்று ஓர் ஆட்டம் தெரிந்தால் ஷாக்கின் முனையிலுள்ள புஷ் அல்லது மூட்டு பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த மாடலின் பேரிங் செட் இன்னும் கிடைக்கிறதா என்று கடையில் விசாரித்துவிட்டு, அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.