உப்பளத்து மேட்ச் கடை: கலக்கி பிரமாதம், நாற்காலிதான் பிரச்சினை

புதுச்சேரி உப்பளத்தில், மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பரோட்டாக் கடை. சனி, ஞாயிறு இரவுகளில் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரில் இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் போடுவார்கள். மூன்று வருடமாகப் போகிறேன்.

சாப்பாடு முதலில். கலக்கி பிரமாதம். சால்னா தண்ணி. கொத்து பரோட்டா வேண்டுமென்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் சொன்னால், கல்லில் கொத்தும் சத்தத்தில் கமென்ட்ரி கேட்கவில்லை என்று முன்வரிசை கத்தும். மாஸ்டரும் கோபித்துக்கொண்டு தோசைக்கல்லை விட்டு நகர்ந்துவிடுவார்.

அந்த முன்வரிசைதான் என் புகார். இந்த சீசனிலிருந்து நல்ல நாற்காலிகள் பதினைந்தும் 'மெம்பர்'களுக்காம். சீசனுக்கு 1500 ரூபாய். மற்றவர்களுக்கு, பின்வரிசையில் ஐந்து, முந்தி வருபவருக்கு. மெம்பர் வராவிட்டாலும் அவர் நாற்காலி காலியாகவே கிடக்கும். கல்லாவில் இருந்த அண்ணனிடம் கேட்டேன். "புரொஜெக்டர் கடன் இருக்குல்ல தம்பி, நிலையான வருமானம் வேணாமா?"

எனக்கு 2021 ஏப்ரல் 18 ஞாபகம் வந்துவிட்டது. ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்கார கால்பந்து கிளப்புகள் சேர்ந்து, தங்களுக்கென்று சூப்பர் லீக் என்ற தனிப் போட்டியை அறிவித்த நாள். அங்கேயும் இதே கணக்குதான்: 15 நிரந்தர இடம், வருடாவருடம் தகுதி பெற்று வருகிறவர்களுக்கு 5. அந்தப் பன்னிரண்டில் ஒன்றான ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப் தலைவர் பெரெஸும் கொரோனா நஷ்டத்தைக் காட்டி, கால்பந்தைக் காப்பாற்றத்தான் இது என்றார்.

நான் இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப் ரசிகன், சிரிக்காதீர்கள். 2016-இல் பிரீமியர் லீக் சாம்பியனான லெஸ்டருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 2020-21 சீசனை எட்டாவதாக முடித்த ஆர்சனலுக்கு இருந்தது. அறிவிப்பு வந்த அன்றே இங்கிலாந்தின் இன்னொரு போட்டியான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லெஸ்டர் ஜெயித்தது. அடுத்த மாதம் இறுதிப் போட்டியில், பன்னிரண்டில் ஒன்றான செல்சியை 1-0 என்று அடித்துக் கோப்பையையும் தூக்கியது. அதற்குள் சூப்பர் லீக்கின் கதை முடிந்திருந்தது. செல்சி ரசிகர்களே அதை எதிர்த்துத் தங்கள் மைதான வாசலை மறித்தார்கள். இரண்டே நாளில் பன்னிரண்டில் இருந்த இங்கிலாந்து கிளப்புகள் ஆறும் விலகின.

இதையெல்லாம் அண்ணனிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே, "உன் லெஸ்டரு 2023-ல பிரீமியர் லீக்ல இருந்து கீழ் டிவிஷனுக்கு எறங்குச்சு, ஏறி வந்து 2025-ல மறுபடி எறங்குச்சு. அந்த பயத்துலதான் அவனுங்க நிரந்தர சீட்டு கேட்டானுங்க" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. மனுஷனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். போகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகப் போய், தூணுக்கு இடப்பக்க நாற்காலியைப் பிடியுங்கள். வலப்பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு கோல்போஸ்ட் தெரியாது.

செல்சி ரசிகனான என் தம்பி 1500 கட்டிவிட்டான். போன ஞாயிறு அவன் வரவில்லை, அவன் இடத்தில் உட்காரப் போனேன். மெம்பர்ஷிப்பை வேறு ஆளுக்கு மாற்ற முடியாதாம்.